படிக்கட்டில் மாமியோடு

நேற்று திருகோணமலை நகரில், மாமியின் அலுவலாக ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நின்றோம். திடீரென அபாய மணி. தீ ஒத்திகையாம். லிப்டை நிறுத்திவிட்டார்கள். தீ நேரத்தில் அதைப் பாவிக்கக்கூடாது, சரி. ஆனால் ஊன்றுகோலோடு வந்தவர் எப்படி இறங்குவார்? "அம்மா, நீங்கள் இதிலேயே இருங்கோ" என்றுவிட்டுக் காவலாளி கீழே போய்விட்டார்.

இருக்க மனம் வரவில்லை; இறங்கினோம். மாமி கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஊன்றுகோலைக் கீழ்ப்படியில் ஊன்றி, இயலாத காலை இறக்கி, பிறகு மற்றக் காலை. ஒவ்வொரு படிக்கும் இப்படி. பின்னால் வந்த ஒரு பெடியன் முந்தவில்லை. கையை விரித்து, கூட்டம் எங்களை இடிக்காமல் தடுத்துக்கொண்டே வந்தான். முதுகில் நெருக்கம் இல்லை என்றதும் மாமி விரைவாகவே இறங்கினார்.

எல்லோரும் ஒரே வேகத்தில் நடப்பார்கள் என்று போடும் கணக்கு பிழை. காது கேளாதவருக்கு மணி போதாது, மின்னும் விளக்கு வேண்டும். குடும்பமாக வந்தவர்கள் ஆகப் பிந்தி வருபவரோடுதான் நடப்பார்கள். 2001இல் நியூயோர்க் உலக வர்த்தக மையம் தாக்கப்பட்டபோது, அதன் 69ஆம் மாடியிலிருந்து, சக்கர நாற்காலி பாவிக்கும் ஒருவரைச் சக ஊழியர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். படியிறக்கும் நாற்காலி ஒன்று அங்கே தயாராக இருந்தது.

2006 முதல் எங்கள் நாட்டிலும் அணுகல் வசதிக்கு ஒழுங்குவிதிகள் உண்டு. உள்ளே வரச் சாய்தளம் போடுகிறார்கள். அவசரத்தில் வெளியே போக?

மாமி இரவு முழுக்க முழங்காலுக்கு எண்ணெய் தடவினார். அடுத்த கிழமை திரும்பப் போகவேண்டும். அவரது அலுவலைக் கீழ்த்தளத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.