நிபந்தனையுடன் ஏற்புடையது

தொழிற்பூங்காவுக்காகப் பரிசீலிக்கப்பட்ட ஒரு புஞ்சைப் பரப்பைப் பற்றிய என் அறிக்கையை ‘நிபந்தனையுடன் ஏற்புடையது’ என்று முடித்திருந்தேன். அந்த முடிவு தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால், அதை எழுதுவதற்கு முன்பு, நாங்கள் ஆய்வு செய்த எல்லைக்குள் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் மட்டும் இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

“எங்க நெலத்த எடுக்கலேன்றீங்க, சரி சார். ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது? இதோ, நீங்க நிக்கிற எடத்துலேர்ந்துதான் வருது. அப்போ எங்க பேரு எந்த லிஸ்ட்டுல இருக்குது?”

“ஐயா, இது நில எடுப்புப் பட்டியல் இல்லை. இடம் பொருத்தமா இல்லையான்னு பார்க்கிற முதல் கட்ட ஆய்வுதான்” என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவர் என்னை மறுக்கவும் இல்லை. “மொதல்லயே கேக்கலன்னா அப்புறம் யாரு சார் கேப்பாங்க?” என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட வந்த கிராம உதவியாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

வட மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், நஞ்சையைத் தொடாதே என்பது. பாசன வசதியுள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு மத்திய நில எடுப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் தொழிற்பூங்காக்களுக்கு 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தையே பயன்படுத்துகிறோம் என்பதால், இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்தியச் சட்டத்தின்படி அமைகின்றன. நில எடுப்பால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று கேட்டறியும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. 2019-இல் உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. அதன்பின் மாநில அரசு புதிய சட்டம் இயற்ற, 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சட்டம் எப்படி இருந்தாலும் நஞ்சையைத் தவிர்க்கும் வழக்கத்தை நான் மனமார ஏற்றுக்கொண்டவன். மதகுக்குக் கீழே சம்பாவும் நவரையும் விளையும் வயலில் மண் கொட்டுவதற்குப் பரிந்துரை எழுத என்னால் முடியாது. எனவே அந்த முறை எங்கள் முன்னிருந்த இரண்டு பரப்புகளில், கிணறுகளும் கரும்பும் நிறைந்த, ஒரு காலனிக் குடியிருப்பையும் உள்ளடக்கிய பரப்பைத் தள்ளிவிட்டு மேட்டுப் புஞ்சையைத் தேர்ந்தெடுத்தபோது, நல்ல காரியம் செய்ததாகவே உணர்ந்தேன்.

மதிப்பெண் தாளும் அதையே சொன்னது. சரிவு மிதமானது, கீழே இறுகிய செம்மண், அதற்கும் கீழே பாறை, மாநில நெடுஞ்சாலை அருகில், துணை மின்நிலையம் எட்டும் தூரத்தில். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெரும்பாலான புல எண்களுக்கு நேராகத் தரிசு என்றே இருந்தது. மழை பெய்த ஆண்டுகளில் மட்டும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. புறம்போக்கும் கணிசமாக இருந்ததால் செலவு குறையும். எந்தக் கட்டத்திலும் குறைவான மதிப்பெண் இட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பெரியவர் என்னை அழைத்துச் சென்று காட்டியது ஓடையை அல்ல. ஓடை வருவாய்த் துறையின் வரைபடத்திலேயே இருக்கிறது, அதை யாரும் மறைக்கவில்லை. அவர் காட்டியது ஓடைக்கு மேலே, வரைபடத்தில் எந்தக் கோடும் இல்லாத வெற்றுத் தரையை. முந்தைய வாரம் பெய்த கோடை மழையில் ஆட்டுப் புழுக்கையும் ஆவாரஞ் சருகும் அடித்து வரப்பட்டு, சரிவு நெடுக வளைவு வளைவாக ஒதுங்கியிருந்தன. ஒவ்வொரு வளைவும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதைத் தெளிவாகக் காட்டியது. அத்தனையும் ஏரியை நோக்கியே திரும்பியிருந்தன. தொழிற்பூங்காவுக்குப் பொருத்தமான அந்த இறுகிய தரைதான் ஏரிக்கும் பொருத்தமான நீர்ப்பிடிப்பு. ஏரிகளின் வரத்தைக் கணிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரேஞ்ச் அட்டவணையில் ‘நல்ல’ நீர்ப்பிடிப்பு என்று வகைப்படுத்தப்படுவது, மழையைக் குடிக்காமல் கீழே அனுப்பும் நிலத்தைத்தான். எங்கள் தாளில் அது தரிசு.

கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10 கன மீட்டர் தண்ணீர். 200 ஹெக்டேர் பரப்பில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து வந்தாலும் 20,000. ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு ஏறத்தாழ 12,000 கன மீட்டர் வேண்டும் என்று கொண்டால், ஒரே மழையில் நான்கு ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் மேட்டிலிருந்து இறங்குகிறது. வடகிழக்குப் பருவத்தில் இப்படி எத்தனை மழை வருகிறதோ, அத்தனை நான்கு ஏக்கர். பாதி ஏரிகூட நிறையாத ஆண்டுகளில் கடைமடைக்காரருக்கு இது பெரிய தொகை.

ஆனால் இதே கணக்கு எனக்குச் சாதகமாகவும் பேசும். கூரையும் கான்கிரீட் சாலையும் வந்தபின் வழிந்தோடும் நீர் கூடுமே தவிரக் குறையாது. மழைநீர் வடிகாலை முறையாக அமைத்து ஏரிக்குத் திருப்பினால், ஏரிக்கு முன்பைவிட அதிக நீர் வரும். இதைத்தான் நிபந்தனையாக எழுதினேன். பொறியியல்படி இதில் குறை சொல்ல இடமில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரியவரிடமும் அன்று இதைச் சொல்லியிருந்தேன். அவர் உடனே கேட்டது: “ஒரே மூச்சுல வந்தா ஏரி தாங்குமா சார்? கலங்கல் வழியா போயிடும். அதுவும் கம்பெனிக்குள்ளேர்ந்து வர்ற தண்ணி வேற.” சீராக ஊறி இறங்கும் தண்ணீரும் ஒரு மணி நேரத்தில் அடித்து வரும் தண்ணீரும் அளவில் ஒன்றாக இருந்தாலும் ஏரிக்கு ஒன்றல்ல, லாரி நிறுத்துமிடத்து எண்ணெய்ப் படலம் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. வண்டல் தொட்டி, எண்ணெய் பிரிப்பான், தடுப்புக் குளம் என்று நிபந்தனைகளை நீட்டினேன். நீட்ட நீட்ட ஓர் ஐயம் வளர்ந்தது: மனைகள் 99 ஆண்டு குத்தகைக்குப் போனபின், இருபதாவது ஆண்டில் அந்த வடிகாலைத் தூர்வாரப் போவது யார்?

எங்கள் குழுத் தலைவரிடம் இதைக் கேட்டேன். அவர் அலட்சியமான மனிதர் அல்லர். இந்தத் துறையில் எனக்கு எல்லாமும் சொல்லிக்கொடுத்தவர். “இது சுற்றுச்சூழல் அனுமதிக் கட்டத்தில் வரும். நம்மிடம் கேட்டிருப்பது ஏற்புடையதா இல்லையா என்பது மட்டும்தான். இல்லை என்று எழுதினால் அடுத்த பரப்புக்குத்தான் போவார்கள். அந்தக் காலனி நினைவிருக்கிறதா?” என்றார். நினைவிருந்தது. அந்தக் காலனியில் பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக இருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அவர்களைக் காப்பாற்றியதாக நான் நினைத்துக்கொள்வதில் உண்மை இருக்கிறது.

இருந்தாலும், அந்த ஒப்பீட்டின் வடிவமே என்னைத் தொந்தரவு செய்கிறது. காலனியை எண்ண முடிந்தது. அது எல்லைக்குள் இருந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் எல்லைக்கு வெளியே இருந்ததால் எண்ணிக்கையில் வரவில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை, நீர்நிலையை நம்பிப் பிழைக்கும் குடும்பம் நில எடுப்பால் வாழ்வாதாரத்தில் பாதிப்பு அடைந்தால் அதையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. மீனவரையும் படகோட்டிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அந்த வாசகம் ஏரிப் பாசன விவசாயிக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் வாதிடுவதற்குச் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற மேடை வேண்டும். அந்த மேடைதான் இங்கே கட்டாயமில்லை. 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஏரி எல்லைக்குள் நடக்கும் ஆக்கிரமிப்பைப் பற்றியது. மேட்டில் இருக்கும் பட்டா நிலத்துக்கு அது துணை வராது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் என்று சொல்கிறோம். ஒவ்வொன்றின் மேலும் இப்படி ஒரு பெயரில்லாத தரை இருக்கிறது.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் மேல்மாவில் 2023-இல் தொழிற்பூங்கா விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் போராடியபோது, எடுக்கப்படும் நிலத்தின் உரிமையாளர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். நிலம் எடுக்கப்படாதவர் எந்தத் தகுதியில் பேசுவார் என்பதற்கு இன்னும் எங்களிடம் நடைமுறை இல்லை.

அதே இடத்துக்கு மறுபடியும் அனுப்பினால் அதே மதிப்பெண்களைத்தான் இடுவேன் என்று தோன்றுகிறது. காலனியை மறந்துவிட்டு வேறு எழுத எனக்கு மனம் வராது. ஆனால் ‘நிபந்தனையுடன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் ஆயக்கட்டுக்காரர் யாரிடம் போய் முறையிட வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும் என்று கேட்பேன். அந்த இடத்தில் எந்த அலுவலகத்தின் பெயரை எழுதுவது என்று குழுத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.