ரிசல்ட்டுக்கு முந்தி ஒரு சீட்

2025 ஏப்ரல் 11, வெள்ளி
பிரைவேட் காலேஜ்ல இருந்து மெயில் வந்திருக்கு. ஃபார்ம்.டி, அதான் மருந்து படிப்பு, அந்த சீட் எனக்குத்தானாம். பிளஸ் டூ ரிசல்ட்டே வரல்ல, அதுக்குள்ள! அம்மைட்ட ஓடிப்போய் சொன்னா, பீஸ் எவ்வளவுன்னு கேக்கா.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
பவனி முடியங்காட்டியும் மாமா சர்ச் முத்தத்துல எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. "மாத்திரை எடுத்து குடுக்க 6 வருசம் படிக்கணுமா பிள்ளே?" 5 வருசம் படிப்பு, ஒரு வருசம் ஆஸ்பத்திரியில இன்டர்ன்ஷிப்புன்னு சொன்னேன். பி.ஃபார்ம்னா 4 வருசத்துல முடியுமேன்னு அடுத்த ஆளு. சும்மா சிரிச்சு வச்சேன்.

ஏப்ரல் 15
அம்மாச்சிக்க காலு இன்னைக்கும் வீக்கம். அமுக்கினா குழி விழுது.

ஏப்ரல் 17
30ஆம் தேதிக்குள்ள 25,000 கட்டணும், இல்லன்னா சீட் வேற ஆளுக்கு போயிருமாம். கவர்மென்ட் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷனே ரிசல்ட் வந்த பிறகுதான், அங்க நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்க வச்சுதான் ரேங்க், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்லயும் மதுரை மெடிக்கல் காலேஜ்லயும் பி.ஃபார்ம் இருக்கு, பீஸும் கம்மி, அது கிடைச்சா இந்த 25,000 என்னாவும், அது கிடைக்காம இதையும் விட்டுட்டா நான் என்னாவேன். காலேஜ் ஆபீசுக்கு போன் போட்டேன். ரீபண்டுன்னு வாயெடுத்ததும் போன் எடுத்த அக்காவுக்கு சிக்னல் போச்சு, அதுவரை நல்லா கேட்டுச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ்ல பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு யூஜிசி 2018லயே சொல்லியாச்சு. பணத்துக்கு யாரு ஜாமீன்?

ஏப்ரல் 19
ராத்திரி மழை. ரப்பர் மரத்துக்க பட்டை நனைஞ்சு கிடக்கு, பால் வெட்டு இல்ல. அப்பா முகத்த பாக்க முடியல்ல.

ஏப்ரல் 22
அம்மாச்சிக்க மாத்திரைய எடுத்து பாத்தேன். மாமி எப்பவும் அஞ்சஞ்சா வெட்டித்தான் வாங்குவா, அட்டையில பேரு பாதிதான் இருக்கு, "டிபின் 5". அம்லோடிபின். பிரஷர் மாத்திரை, சிலருக்கு காலு வீங்குமாம். நிப்பாட்டுங்கன்னு சொல்லவும் பயம், பிரஷர் ஏறிட்டா? நாளைக்கு டாக்டர்ட்ட கூட்டிட்டு போணும்.

ஏப்ரல் 23
டாக்டர் அட்டைய பாத்துட்டு வேற மாத்திரை எழுதினாங்க. அம்மாச்சி அவங்கட்ட, "எனக்க பேத்தி இதுக்குத்தான் படிக்கா." அம்மாச்சி, இன்னும் பணமே கட்டல்ல.

ஏப்ரல் 28
கட்டியாச்சு. விலை ஏறட்டும்னு புகைப்புரையில வச்சிருந்த ரப்பர் ஷீட் மொத்தத்தையும் அப்பா கடையில போட்டாவ. மீதிக்கு அம்மை சீட்டு தள்ளி எடுத்தா. யாரும் ஒண்ணும் சொல்லல்ல, ஏசியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

மே 2
கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரி.

மே 7
9ஆம் தேதின்னு சொன்ன ரிசல்ட்ட 8க்கு மாத்திட்டாங்க. நாளைக்கா!! மூணு பாடத்துலயும் சேத்து 50 சதவீதம் வந்தா சீட் நிக்கும், அது வரும், எனக்கு தெரியும். ஆனா நல்லா வந்தாத்தான் வேற தலைவலி.

மே 8
கெமிஸ்ட்ரி 94!!! பயாலஜி 96, பிசிக்ஸ் 88. அம்மை முத்தம் தந்தா. அப்பா கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "மக்களே, இதுக்கு கவர்மென்ட்ல கிடைக்கும் இல்லியா?"
கிடைக்கும்னும் சொல்ல முடியல்ல, கிடைக்காதுன்னும் சொல்ல முடியல்ல.

மே 10
அந்த அக்காவே இன்னைக்கு கூப்பிட்டாங்க, சிக்னல் பிரமாதம். முதல் வருச பீஸ்ல மீதி எப்ப கட்டுவீங்கன்னு கேக்காங்க.