இராத்திரியிலும் இறங்காத பி.பி.

வீட்டில் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களுக்காக டாக்டரிடம் போனால், தலைவலி, நெஞ்செரிச்சல் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். "மறதி நோய் உள்ள அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், இராத்திரி தூக்கம் கிடையாது" என்று. என்னிடம் அதை வெகுநாள் யாரும் கேட்கவில்லை. வயிற்று டாக்டர் வயிற்றைப் பார்த்தார், தோல் டாக்டர் முடி கொட்டுவதைப் பார்த்தார், ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அம்மாவுக்கு அல்சைமர். பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி பம்பாய் வந்தவள். மார்க்கெட்டில் ஹிந்தியும் மராத்தியும் கலந்து பேரம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது தமிழ் மட்டும்தான் மிச்சம், அதுவும் சின்ன வயசுத் திருநெல்வேலித் தமிழ். செம்பூரில் என் வீட்டில் இருக்கிறாள். என் கணவருக்குக் கப்பல் வேலை, மாதக்கணக்கில் கடலில்தான். அண்ணன் புனேயில். நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் ஹார்பர் லைன் ரயிலில் போய், சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுவேன். பகலில் பக்கத்து பிளாட் மாமியும் வேலைக்கு வரும் பெண்ணும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். இருட்டத் தொடங்கினால் அம்மாவுக்கு நிலைகொள்ளாது. இந்த நோயில் பலருக்கும் அந்த நேரம்தான் மோசம். நடுராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு என் அறைக் கதவைத் தட்டுவாள். என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு, "அக்கா, ரயிலுக்கு நேரமாயிட்டு, இன்னும் கெளம்பலையா?" என்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததில் என் உடம்பு ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தது. நெஞ்செரிச்சல். சளி பிடித்தால் விடாது. காலையில் எழுந்தால் தாடை வலி. ஒருநாள் சாயங்காலம் ரயிலில் நெஞ்சை அழுத்துவது போலிருந்து, வடாலாவில் இறங்கி நேராக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, பிறகு டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள், எதிலும் ஒன்றும் இல்லை. "டென்ஷன் எடுத்துக்காதீங்க, யோகா பண்ணுங்க" என்று சொல்லி, தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சோதனைகள் எல்லாம் அவசியம்தான். நெஞ்சு அழுத்தத்தைச் சோதிக்காமலே டென்ஷன் என்று தள்ளிவிடுவது ஆபத்து, பெண்கள் விஷயத்தில் அது நிறையவே நடக்கிறது. வயிற்றுக்கும் அப்படித்தான். வயிற்றுப்புண் கவலையால் வருகிறது என்றுதான் முன்பு நம்பினார்கள். பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. வலி மாத்திரைகளும் புண்ணாக்கும். எனக்கு அந்தக் கிருமிக்கும் பார்த்தார்கள், தைராய்டும் பார்த்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன. என் மனக்குறை அதற்கு அடுத்த கட்டத்தில்தான். எதுவும் இல்லை என்று வந்த பிறகு, "வீட்டில் என்ன நடக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இராத்திரி நான் எழுந்தே ஆக வேண்டிய வீட்டில் தூக்க மாத்திரையை யார் போட்டுக்கொள்வது?

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டவர் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, மாட்டுங்காவில் ஒருவரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கையில் கொடுத்து என் பற்களையே எனக்குக் காட்டினார். பற்களின் மேடு பள்ளமெல்லாம் தேய்ந்து மட்டமாகியிருந்தது. "தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறீர்கள், ரொம்ப நாளாக" என்றார். பல்லை எடுத்தாயிற்று. அதற்கப்புறம் எடுத்த இடத்தில் ஈறு மூடவே இல்லை. வழக்கமாக மூட வேண்டிய நாட்கள் கடந்தும் குழி அப்படியே இருக்க, "சுகர் இருக்கா? வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிகிச்சையை நிறுத்திவிட்டு பி.பி. பார்த்தார்: 152/96. மூன்று மாத சர்க்கரைச் சராசரியும் எடுக்கச் சொன்னார். 5.9 வந்தது. 6.5 வந்தால்தான் சர்க்கரை நோய், 5.7-லிருந்து அதற்கு முந்தைய கட்டம். உடனே ஒரு பொது மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த மருத்துவர், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு முழுநாள் பி.பி. கருவியை மாட்டிவிட்டார். டாக்டரைப் பார்த்த பதற்றத்திலேயே சிலருக்கு பி.பி. ஏறும், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவு செய்யமாட்டேன் என்றார். மேல் கையில் பட்டை, இடுப்பு பெல்ட்டில் சின்னப் பெட்டி. பகலில் அரை மணிக்கு ஒருதரம், இராத்திரி ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் தானாகவே காற்று ஏறி இறுக்கும். அப்போது கையை ஆட்டக் கூடாது. நெரிசலான லோக்கலில் அது ஊதத் தொடங்கியபோது பக்கத்திலிருந்த பெண்மணி என்ன ஏதென்று கேட்டுத் தன் இடத்தைக் கொடுத்தார். இந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். "6.40 குர்லா. 8.10 அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டினேன். 2.50 கதவு தட்டினாள். 3.15 காபி கேட்டாள், கொடுத்தேன்" என்று எழுதி வைத்திருந்தேன்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் என் தாளையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பகல் சராசரி 138/88. அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அவர் விரல் வைத்தது இராத்திரிப் பகுதியில். தூக்கத்தில் பி.பி. பகலைவிடப் பத்து சதவீதமாவது இறங்க வேண்டும், சராசரி 120/70-க்குக் கீழே இருக்க வேண்டும். என்னுடையது 134/84. கோடு அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. மூன்று மணிக்குப் பகல் அளவையும் தாண்டி எம்பியிருந்தது. இராத்திரியில் இறங்காத பி.பி. வெகுநாள் தொடர்ந்தால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு அதிகம் என்றார். "உங்கள் உடம்புக்கு இராத்திரி என்பதே இல்லை" என்று அவர் ஹிந்தியில் சொன்னது நெஞ்சில் தைத்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆபத்து வந்தால் மூளை சொல்லி, சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினையும் கார்டிசாலையும் விடும். இதயம் வேகமாகும், ரத்தக்குழாய் இறுகும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். ஓடித் தப்பிக்க அது வேண்டும். ஆபத்து போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். கார்டிசால் விடிகிற நேரத்தில் உச்சத்திலும் நடுராத்திரி வாக்கில் அடித்தட்டிலும் இருப்பதுதான் இயல்பு. கதவு எப்போது தட்டப்படுமோ என்று காதைத் திறந்துவைத்துத் தூங்குகிற உடம்பில் அந்த ஏற்ற இறக்கம் கலைந்துபோகும். கார்டிசால் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைக்கும். காயம் ஆறத் தொடங்க முதலில் அந்த இடம் சிவந்து வீங்க வேண்டும். அந்த முதல் வேலையே தாமதமாகிவிடும்.

ஈறு விஷயத்தில் எனக்குப் பெரிய ஆறுதல் கொடுத்தது ஒரு பழைய ஆய்வு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவர் குழுவும் செய்தது, 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மறதி நோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர், அதே வயதில் அந்தப் பாரம் இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சின்னக் காயம் செய்து ஆறும்வரை கவனித்தார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு ஆறச் சராசரியாக 9 நாள் அதிகமாயிற்று. இதைப் படித்துவிட்டு அழுதேன். என் மனசு பலவீனம் என்று பலரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பலவீனம் இல்லை, தோலில் அளந்து பார்க்கக்கூடிய ஒரு விஷயம் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதிவைத்திருந்தார்கள்.

டாக்டர் பி.பி. மாத்திரை ஒன்று ஆரம்பித்தார். பல் டாக்டர், பற்கள் மேலும் தேயாமலிருக்க இராத்திரி மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு என்ற உறை செய்து கொடுத்தார். ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது, வாரத்தில் சில இராத்திரிகளாவது வேறு ஒருவர் அம்மாவோடு இருந்தே ஆக வேண்டும் என்று. மூச்சுப்பயிற்சி நல்லதுதான், நானும் செய்கிறேன். மூன்று மணிக் கதவை அது நிறுத்தாது.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் 14416-க்கு போன் செய்தேன். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கினார்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எதிர்முனையில் பேசிய பெண் என்னை அவசரப்படுத்தவே இல்லை. "உதவி செய் என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து என்று கேளுங்கள்" என்றார். அண்ணனுக்கு ரிப்போர்ட்டின் வரைபடத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை இராத்திரி கிளம்பி வந்து ஞாயிறு மதியம்வரை இருப்பது என்று முடிவானது. அம்மாவை இடம் மாற்றினால் குழப்பம் கூடும் என்பதால் அவனே வருகிறான். அண்ணியும் முடிந்தபோதெல்லாம் வருகிறார்.

வாரநாள்களில் இரண்டு இராத்திரிக்கு, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் பியூரோவில் கேட்டோம். முதலில் வந்த பெண் நல்லவர்தான், தமிழ் தெரியாது. புரியாத பாஷையில் யாரோ கையைப் பிடித்ததும் அம்மா மிரண்டுவிட்டாள். பிறகு தாராவியிலிருந்து ஒரு அக்கா கிடைத்தார், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். இராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை, ஒரு ட்யூட்டிக்கு 800 ரூபாய். முதல் இராத்திரி நான் தூங்காமல் கேட்டுக்கொண்டே கிடந்தேன். மூன்று மணிக்கு அம்மா எழுந்து ரயிலுக்கு நேரமாயிட்டு என்றதும் அந்த அக்கா, "இன்னும் சிக்னல் போடலைம்மா, அதுவரைக்கும் செத்த உக்காருங்க. உங்க ஊர்ல ஆச்சி வீடு எந்தத் தெருவு?" என்று கேட்டுக்கொண்டே முதுகைத் தடவிவிட்டார். அம்மா தெருப் பெயர் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரெல்லாம் சொன்னாள், அப்படியே படுத்துவிட்டாள்.

சில மாதம் கழித்து மறுபடியும் அதே கருவியை மாட்டினார்கள். இராத்திரிச் சராசரி 117/68, சர்க்கரைச் சராசரி 5.6. மாத்திரையும் சேர்ந்துதான் இந்த இறக்கம், அதை நிறுத்தவில்லை. ஈறு எப்போதோ மூடிவிட்டது. முடி கொட்டுவது குறைந்திருக்கிறது, நெஞ்செரிச்சல் அவ்வப்போது வரும். அம்மாவின் நோய் ஏறிக்கொண்டுதான் போகும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதனால் அடுத்த தடவை இராத்திரிக் கோடு மேலே போனால் அக்காவின் ட்யூட்டியை நான்கு இராத்திரியாக்குவது, அந்தச் செலவை அண்ணன் ஏற்றுக்கொள்வது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.