சிவப்புச் சோக்கால் இழுத்த கோடு

கரும்பலகையில் ஒரு சதுரம், மூலைக்கொன்றாக நான்கு எடுப்புகள், அதாவது மெய் அல்லது பொய் என்று சொல்லக்கூடிய கூற்றுகள். பக்கக் கோடுகளை வெள்ளைச் சோக்கால் இழுத்துவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களுக்கு மட்டும் எங்கள் அளவையியல் (தர்க்கவியல்) ஆசிரியர் சிவப்புச் சோக்கை எடுப்பார். பின்வரிசையில் என்னோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், உயர்தர வகுப்பில் இரண்டு வருடமும் அந்த நிறம் மாறவேயில்லை.

மேலே இடது மூலையில் "எல்லா மாணவரும் வந்தனர்." இதற்கு முரண் எது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் வலது மூலையைக் காட்டும்: "எந்த மாணவரும் வரவில்லை."

"நாற்பது பேரிலை இருபது பேர் வந்திருந்தால்?" என்பார் சேர்.

அப்போது இரண்டுமே பொய். இரண்டும் சேர்ந்து பொய்யாகலாம் என்றால் அவை எதிரெதிரானவை, அவ்வளவுதான். முரணில் ஒன்று மெய்யானால் மற்றது பொய்யாகியே தீரும், ஒன்று பொய்யானால் மற்றது மெய்யாகியே தீரும், இடையில் நிற்க இடம் கிடையாது. சிவப்புக் கோட்டின் மறுமுனையில் இருந்தது "சில மாணவர் வரவில்லை" என்ற அடக்கமான கூற்று. ஒரே ஒருவர் வராவிட்டாலும் "எல்லாரும்" விழுந்துவிடும்.

ஒரு தன்மை ஒரே பொருளுக்கு, ஒரே நேரத்தில், ஒரே வகையில் உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாது என்ற அரிஸ்டோட்டிலின் விதியைச் சொல்லும்போது, அந்த மூன்று "ஒரே"யையும் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் "மாறுகொளக் கூறல்" இருப்பதையும், மணிமேகலை தன் சொல்லே தன்னை மறுப்பதற்கு "என் தாய் மலடி" என்று எடுத்துக்காட்டுத் தருவதையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். தமிழ்ப் பாடத்தில் முரண்தொடையை அழகு என்று படித்துவிட்டு வந்த எங்களுக்கு, அடுத்த பாடத்திலேயே முரண் குற்றமாகிவிடும். ஒளியும் இருளும் ஒரு பாட்டில் அருகருகே நிற்கலாம், சொற்கள்தான் அங்கே எதிர்க்கின்றன, கூற்றுகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் எனக்குப் போதுமான விளக்கம்.

முரணை ஏற்றுக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒருநாள் ஒருவன் கேட்டான். சேர் எழுதினார்: "அவர் வீட்டில் இருந்தார். அவர் வீட்டில் இருக்கவில்லை." முதலாவது மெய் என்றால், "அவர் வீட்டில் இருந்தார் அல்லது நிலா சதுரமானது" என்பதும் மெய். இரண்டாவதன்படி அவர் வீட்டில் இல்லை. ஆகவே நிலா சதுரமானது. வகுப்பு வாயடைத்துப் போனது. ஒரு முரணை உள்ளே விட்டால் எதையும் நிறுவிவிடலாம், பிறகு மெய்க்கும் பொய்க்கும் வேறுபாடே இராது. இந்த வழியை மறிக்கும் அளவையியல்களும் 20ஆம் நூற்றாண்டில் உருவாகிவிட்டன, ஆனால் அன்றைய திகைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

புலம்பெயர்ந்து மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யத் தொடங்கிய காலம். ஒரு விசாரணையில் வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "அண்டைக்கு எல்லாரும் வரேல்லை, பிள்ளை." ஒருவருமே வரவில்லை என்று நான் மொழிபெயர்த்தேன். அரைமணி நேரம் கழித்து, "மூத்தவனும் மருமகளும் வந்தவை" என்றார். அதிகாரி பேனாவை நிறுத்தி, பழைய வரியைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் "முரண்" என்று எழுதினார்.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சதுரம் தெரிந்தது. "எல்லாரும் வரேல்லை" என்றால் தமிழில் ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம், வந்தவர்கள் எல்லாரும் இல்லை என்றும் கொள்ளலாம். மேல் வலது மூலைக்கும் சிவப்புக் கோட்டின் அடிமுனைக்கும் வாய்மொழியில் ஒரே வாக்கியம். அம்மா கீழே நின்றார், நான் அவரை மேலே ஏற்றிவிட்டேன். எத்தனை பேருடைய வாக்குமூலத்தில் இப்படி முரண் ஏறியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

கையை உயர்த்தி, என் மொழிபெயர்ப்பில் பிழை என்று சொல்லி, இரண்டு பொருளையும் விளக்கினேன். அதிகாரி அம்மாவிடம் திரும்பக் கேட்கச் சொன்னார். கேட்டேன். "ரெண்டு பேர் வந்தவை, மிச்சப் பேர் வரேல்லை. அதைத்தானே முதலும் சொன்னனான்" என்றார். அதிகாரி வட்டத்தைக் குறுக்கே வெட்டி ஓரத்தில் ஒப்பமிட்டார்.

வெளியே வரும்போது அம்மா என் கையைப் பிடித்தார். "நான் ஏதும் மாறிச் சொல்லிப்போட்டனோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. நீங்கள் ஒண்டைத்தான் சொன்னீங்கள்."