மூன்று மாட்டுக்கு எத்தனை சென்ட்?

திருப்பூர் பனியன் கம்பெனி வேலை போதும், ஊருக்கு வந்து மாடு வளர்க்கப் போகிறேன் என்கிறான் சித்தி மகன். "மூணு கறவைக்கு ஒரு ஏக்கர் போதுமாக்கா?" என்று போனில் கேட்டான். ஏக்கரை விடுடா, சித்திரையில் உன் கிணற்று மோட்டார் எத்தனை மணி நேரம் தண்ணீர் இறைக்கும் என்றேன். சத்தமே இல்லை.

அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நடுத்தர உடம்புள்ள கலப்பினக் கறவைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், நாலைந்து கிலோ வைக்கோல். அடர்தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ, அப்புறம் கறக்கிற இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. மூன்று மாட்டுக்குப் பச்சை மட்டும் வருடத்துக்கு 27 டன் வரை ஆகும்.

கோ 5 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் ஹெக்டேருக்கு 350 டன்னுக்கு மேல் தரும் என்பார்கள். ஏக்கருக்கு 140 டன்! எருவும் தண்ணீரும் குறையாமல் இருந்தால் வரும். எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் பங்குனியில் கிணறு இறங்கிவிடும், ஆகவே அதில் பாதியை நம்பினால் போதும். அப்படிப் பார்த்தாலும் 40 சென்ட் தான். 45 நாளுக்கு ஒரு அறுப்பு என்பதால், தினம் ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக அறுத்துக்கொண்டே போனால், கடைசிப் பாத்தி முடியும்போது முதல் பாத்தி தயாராக இருக்கும். நேப்பியரை மட்டுமே போடக்கூடாது. இன்னொரு பத்து சென்ட்டில் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனம், வரப்பில் அகத்தி. தட்டை வெட்டும் மிஷினும் வேண்டும். முழுத் தட்டையாகப் போட்டுப் பாருங்கள்: மாடு தலையை ஆட்டி ஆட்டித் தோகையை உருவித் தின்றுவிட்டு, தண்டைக் காலடியில் தள்ளி, அதன் மேலேயே சாணி போட்டு வைக்கும்.

ஆக, பச்சைக்கு அரை ஏக்கர். ஆனால் வைக்கோல் கணக்கை யாரும் கேட்பதில்லை. மூன்று மாட்டுக்கு வருடத்துக்கு ஐந்து டன் வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லில் சுமார் இரண்டு டன் கிடைக்கும். அப்படியென்றால் உன் மாடு இன்னும் இரண்டரை ஏக்கரைத் தின்கிறது, அது அடுத்தவர் வயல் என்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

இங்கே பெரியாறு பாசன இருபோக நிலம் என்பதால் எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனாலும் ஐப்பசியில் அறுக்கிற முதல் போகத்து வைக்கோலைத் தொடமாட்டேன். மழையில் நனைந்ததை உருளையாகச் சுற்றித் தந்துவிடுவார்கள். வெளியே பொன் நிறம், கையை உள்ளே விட்டால் சூடு, பூஞ்சண வாடை. எடையும் கூடுதல், காசும் கூடுதல்! மாசியில் அறுத்த வைக்கோல்தான் வருடம் தாங்கும்.

அவன் நிலமோ திருமங்கலம் பக்கம் கரிசல், மானாவாரி. அங்கே நேப்பியர் பேச்சே வேண்டாம், சோளம் விதை என்றேன். புரட்டாசியில் விதைத்தால் தை மாதம் தட்டை படப்பில் ஏறிவிடும். வைக்கோலை விடச் சோளத்தட்டையை மாடு விரும்பித் தின்னும். ஒன்று மட்டும் கவனம்: மழை இல்லாமல் வாடி நிற்கிற இளஞ்சோளத்தில் மாட்டை விட்டுவிடக் கூடாது. பூக்காத பயிரில் நஞ்சு இருக்கும், கொஞ்ச நேரத்தில் மாடு சாய்ந்துவிடும்.

"அப்ப கிடை மாடு வாங்கவாக்கா?" என்றான். வயலில் மந்தையாக அடைத்து எருவுக்காக வளர்க்கிற நாட்டு மாடு. உடம்பு சின்னது, தீவனமும் குறைவு. ஆனால் மலையடிவாரமும் கண்மாயும் மேய்ந்து பழகிய இனம் அது, கட்டிப் போட்டுப் பால் எதிர்பார்க்க முடியாது. உரத்துக்கு என்றால் சரி.

கடைசியில் ஒரே ஒரு கறவையில் ஆரம்பிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். மாசியில் வந்து எங்கள் ஊரிலேயே வைக்கோல் ஏற்றிக்கொள்வானாம். விலை நான் பேசித் தருகிறேன், வண்டி வாடகை அவன் பாடு.