ஸ்பார்க் பிளக்கே சொல்லும் சேதி

பெங்களூரிலிருந்து நந்தி மலை ஏறும்போது கியரைக் குறைக்காமல் இழுத்தால் என்ஜினில் ‘டக டக’ என்று ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி கிளப்பிய சுடர் போய்ச் சேர்வதற்குள், சிலிண்டர் ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே தின்றுவிடும்.

பெரும்பாலான கார்களில் என்ஜின் பிளாக்கில் இருக்கும் சென்சார் அதிர்வை வைத்து இதைக் கண்டுபிடிக்கும். வால்வு தட்டும் சத்தமும் அதில் கலந்துவிடும் என்பதுதான் தொல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அயனி முறை. தீப்பொறி அடித்து முடிந்ததும் அதே பிளக்கில் சுமார் 80 வோல்ட் கொடுக்கிறார்கள். எரியும் வாயுவில் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட துகள்கள்) இருப்பதால் மைக்ரோஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாயும். நாக்கிங் வந்தால் அதன் மேல் சில கிலோஹெர்ட்ஸ் அலை ஏறி நிற்கும். எந்த சிலிண்டர் என்பதும் உடனே தெரியும். அந்த சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியை, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கோணத்தில் சில டிகிரி தாமதப்படுத்தி, அப்புறம் மெல்ல மெல்ல முன்னே கொண்டுவரலாம். தனி நாக் சென்சாரே வேண்டாம்! ஸ்வீடனின் சாப் கார்கள் 1990களிலேயே இதைச் செய்தன.

இங்கே என்ஜின் கன்ட்ரோல் வேலையில் இருக்கும் நம்ம ஆட்கள் யாராவது அந்த அலைவடிவத்தை ஆசிலோஸ்கோப்பில் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) பார்த்திருந்தால் கமென்டில் சொல்லுங்கள். எனக்கும் பார்க்க ஆசை.