புஷ் ராடு மறுபடி மறுபடி வளைந்தால்

என்ஜினில் புது புஷ் ராடு (ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கவைக்கும் கம்பி) போட்டு டாப்பெட் செட் பண்ணிய (வால்வு இடைவெளியைச் சரிசெய்த) சில மணி நேரத்திலேயே அது மறுபடி வளைகிறதா? குற்றம் ராடின் மேல் இல்லை. அந்தப் பக்கம் வால்வு இறங்க மறுக்கிறது.

எப்போதும் ஒரே வால்வு என்றால் கைடை (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயை) சந்தேகப்படுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்திக்கொண்டு (இல்லையென்றால் வால்வு உள்ளே விழுந்து, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையே கழற்ற வேண்டிவரும்) ஸ்பிரிங்கை எடுத்து, வால்வை விரலால் சுழற்றி ஏற்றி இறக்குங்கள். எங்கும் பிடிக்கக் கூடாது. குளிர்ந்திருக்கும்போது வழுக்கிப் போய், சூடானதும் இறுகுகிற கைடும் உண்டு. புது கைடு அடித்துவிட்டு ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) போட்டு அளவு பார்க்காமல் விட்டால் இதுதான் கதி. அப்படி இறுகிய வால்வின் தண்டில் நீளவாட்டில் பளபளப்பான கீறல் தெரியும்.

இடம் மாறி மாறி வளைந்தால் பிஸ்டன் தலையைப் பாருங்கள். பிறை வடிவத் தழும்பு இருந்தால் வால்வு இடிக்கிறது: டைமிங் கியர் ஒரு பல் தள்ளியிருக்கலாம், அல்லது ஹெட்டைப் பலமுறை ஃபேசிங் செய்ததில் (அடிப்பரப்பை மட்டமாகச் சீவியதில்) வால்வு முகம் வெளியே துருத்தியிருக்கலாம்.

டாப்பெட் இடைவெளி தானாகவே கூடிக்கொண்டே போவது வேறு நோய். டயல் கேஜ் வைத்து எல்லா ராடின் ஏற்றத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த ராடைத் தள்ளும் கேம் (சுழலும் தண்டில் உள்ள மேடு) தேய்ந்துவிட்டது. அங்கே கேமுக்கும் ராடுக்கும் நடுவே இருக்கும் டாப்பெட்டை மட்டும் புதிதாக மாற்றுவது வீண்செலவு.

ராக்கர் ஷாஃப்ட் (ராக்கர்கள் ஆடும் தண்டு) எண்ணெய் வராமல் காய்ந்து கிடந்தால் எண்ணெய்த் துளையைக் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். பல நேரம் கெட்டிக் கரிதான் அடைத்திருக்கும்.